மாப்ளே, நீரு இல்லாட்டாலும் ஆபீசு தொறக்கும்

எப்பம் ஓய்வு வாங்கலாம்னு எங்கிட்ட வந்து யோசனை கேக்கீரு பாத்தீரா மாப்ளே, அதுக்கே உமக்கு ஒரு சால்வை போத்தணும். எண்பதைத் தாண்டியும் கரிசக்காட்டுல மம்பட்டியும் கையுமாத் திரியுத சம்சாரிகிட்ட, வேலையை எப்பம் விடலாம்னு கேக்க ஒம்ம ஆபீசுல வேற எவனுக்குத் தோணும்? சரி, கேட்டுட்டீரு. உக்காரும். நடுவுல போனை எடுத்து "சார், அந்தக் கோப்பு"ன்னு ஆரம்பிச்சீருன்னா எந்திரிச்சுப் போயிருவேன்.

மொதல்ல உம்ம வயசைப் பாப்போம். சர்வீஸ் புத்தகத்துல பிறந்த தேதி 1.6.1967. ஒண்ணாந்தேதி பொறந்தவனை முந்தின மாசக் கடைசியிலேயே அனுப்பிருதது சர்க்கார் வழக்கம். அதனால 2027 மே 31-ந்தேதி உமக்கு மாலை விழும். நல்லது. ஆனா மாப்ளே, நீரு பொறந்தது ஜூன்ல இல்ல. ஐப்பசி அடைமழையில. மருத்துவச்சியைக் கூட்டிட்டு வர ஓடையில இடுப்பளவு தண்ணியில எறங்குனவன் நான்தான். பள்ளிக்கூடத்துல சேக்கும்போது, ஜூன் மாசம் அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும்னு வாத்தியாரு ஒண்ணாந்தேதியைப் போட்டுட்டாரு. உமக்கு மட்டுமா போட்டாரு? அந்தக் காலத்துல நம்ம பக்கத்துப் பிள்ளைய பாதிப் பேரு மேயிலயும் ஜூன்லயும்தான் "பொறந்துச்சு". மே மாசக் கடைசியில சர்க்கார் ஆபீசுல கூட்டங்கூட்டமா வழியனுப்பு நடக்குதே, அது ஒண்ணாப்பு வாத்தியாருமாரு பேனா பண்ணுன வேலை. உம்ம அறுபதை முடிவு பண்ணுனது சித்திரகுப்தன் இல்ல.

அந்த அறுபதாவது நிலையா இருக்கா? 2020 மே வரைக்கும் 58. கொரோனா வந்துச்சு, 59 ஆக்குனாவ. மறு வருசம் பிப்ரவரியில 60. ஊரு உலகமெல்லாம் எதெதையோ இழந்த நேரத்துல உம்ம வர்க்கத்துக்கு மட்டும் ரெண்டு வருசம் லாபம். உம்ம கெட்டிக்காரத்தனத்தைப் பாத்து, விட மனசு இல்லாமக் கூட்டிக் குடுத்தாவன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கீரா? கருவூலத்துல காசு இல்ல மாப்ளே. வீட்டுக்கு அனுப்புனா பணிக்கொடை, கம்யூட்டேஷன், ஈ.எல். சரண்டர்னு மொத்தமா எண்ணி வைக்கணும். இருந்துட்டுப் போவட்டும்னு விட்டாவ. இது நான் சொல்லுத காரணம். அரசாணையில இப்படி இருக்காது.

இப்பம் துட்டுக் கணக்குக்கு வாரேன். நீரு வட்டத்துக்கே கணக்குப் பாத்துக் குடுக்குத ஆளு, உமக்கு நான் சொல்லித்தாரேன் பாரும். நீரு 1993-ல சேந்தீரு. முப்பது வருசம் முடிஞ்சிட்டு, பழைய பென்ஷன் ஆளு. அடிப்படைச் சம்பளம் 80,000ன்னு வச்சுக்கிடுவோம். நாளைக்கே நீரு திண்ணையில உக்காந்தாலும் பாதி, 40,000, அதுக்கு மேல அகவிலைப்படி. அப்பம் காலையில எட்டு மணி பஸ்ஸைப் பிடிச்சு, சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து விழுந்து, ஞாயித்துக்கிழமையும் போனைக் காதுல ஒட்டிக்கிட்டு அலையுததெல்லாம் எதுக்கு? மிச்சப் பாதிக்கு. வெளிய எவனாவது உம்மைக் கூப்பிட்டு, "சாரே, இதே வேலை, பாதிச் சம்பளம், வாரீரா?"ன்னு கேட்டா சட்டையைப் பிடிப்பீரா மாட்டீரா? முப்பது வருசம் முடிஞ்ச அன்னையில இருந்து நீரு பாதிச் சம்பளத்துக்குத்தான் போய்ட்டு வாரீரு. சர்க்கார் உம்மகிட்டச் சொல்லல. நீரும் எம் மவகிட்டச் சொல்லல.

இன்கிரிமென்ட் இருக்கே மாமான்னு இழுப்பீரு. இருக்கு. 3 சதவீதம், 2,400 ரூவா. அது பென்ஷன்ல பாதியாகி 1,200 ரூவாயா வந்து நிக்கும், அகவிலைப்படி தனி. அந்த 1,200-க்காக ஒரு வருசம் பஸ்ஸுல தொங்கணும். 1,200ன்னதும் ஞாபகம் வருது, கீழத்தெருக் கிழவிக்கு சர்க்கார் மாசாமாசம் குடுக்குத முதியோர் உதவித்தொகையும் அதே 1,200தான். அது ஆயுசு பூரா அடுத்தவன் காட்டுல களை எடுத்ததுக்கு. அதை வாங்கிக்கிட்டு இன்னும் நூறுநாள் வேலைக்கும் போகுது. நீரு போயி அதுகிட்ட, "ஆத்தா, நான் 59-ல நிக்கவா 60-ல நிக்கவா"ன்னு கேட்டுப் பாருமே. வெத்தலை எச்சியைத் துப்புன பொறவுதான் பதில் வரும். எந்தப் பக்கம் துப்பும்னு நான் சொல்ல மாட்டேன்.

நான் ஒருதலையாப் பேசுதேன்னு நெனைக்காண்டாம். வெளிய வந்தா வீட்டு வாடகைப்படி நின்னு போவும். மூணுல ஒரு பங்கு பென்ஷனை வித்து மொத்தமா வாங்குனீருன்னா, 15 வருசம் கழிச்சுத்தான் அந்தப் பங்கு திரும்பி வரும். 59-ல வித்தா 74-ல முழுப் பென்ஷன், 60-ல வித்தா 75-ல. சீக்கிரம் வித்தவன் சீக்கிரம் மீப்பான். ரெண்டுக்கும் நடுவுல நாம உசிரோட கெடக்கணும், அது கணக்குல வராது.

இந்தக் கணக்கு உமக்குத்தான் வே, ஊருக்கெல்லாம் பொருந்தாது. 2003 ஏப்ரல் 1-ல இருந்து வேலைக்குச் சேந்த பயலுவளுக்குக் கதையே வேற. அவனுவ கிட்டப் போயி இந்தக் கணக்கைப் பேசி அடி வாங்கிட்டு வராதேயும். மில்லுல ஸ்பின்னிங்குல இருந்த என் சேக்காளி ஒருத்தன் இருக்கானே, அவனுக்கு 58-ல பி.எஃப். பென்ஷன். அம்பதுலயே எடுத்தா வருசத்துக்கு 4 சதவீதம் கழிப்பாவ. அறுபது வரைக்கும் பொறுத்தா வருசத்துக்கு 4 சதவீதம் கூட்டுவாவ. அவனும் பொறுத்தான். கூட்டுனது வந்துச்சு, ஒரு கிலோ கறி வாங்கலாம்.

சரி, துட்டு இருக்கட்டும். "நான் இல்லேன்னா ஆபீசு ஓடாது மாமா"ன்னு போன கோயில் கொடைக்கு வந்தப்பச் சொன்னீரே, அதைச் சொல்லும்போது உம்ம முகத்தைப் பாத்தேன். சாமி வந்த மாதிரி இருந்துச்சு. நம்ம விருதுபட்டிக்காரரு காமராசரு, 1963 அக்டோபர் 2-ந்தேதி முதலமைச்சர் நாக்காலியை விட்டு எறங்குனாரு. அப்பம் அவருக்கு வயசு எத்தனைங்கீரு? அறுபது. 1954-ல இருந்து அதுல உக்காந்திருந்தவரு. எறங்கச் சொல்லி எவனும் நோட்டீஸ் விடல. அவரு போனதும் மெட்ராஸ் கோட்டையில கோப்பு நின்னு போச்சா? பக்தவச்சலம் வந்து உக்காந்தாரு, மறுநாளும் கையெழுத்து விழுந்துச்சு. அந்தக் கோட்டையைவிட உம்ம தபால் செக்‌ஷன் பெருசா மாப்ளே?

எறங்குன பொறவுதான் அவரு டெல்லிக்கே பெரிய ஆளு. நேருவுக்குப் பொறவு சாஸ்திரி, சாஸ்திரிக்குப் பொறவு இந்திரா காந்தின்னு ரெண்டு பிரதமரை உக்கார வச்சாரு. உடனே நீரும் எறங்குனதும் டெல்லியில இருந்து போன் வரும்னு நெனைச்சுராதேயும். 1967-ல சொந்த ஊர்லயே 1,285 ஓட்டுல அவரைத் தோக்கடிச்சு அனுப்புனாவ. நீரு பொறந்த வருசந்தான். ஊரு அப்படித்தான் இருக்கும், பெரிய மனுசனுக்கே அந்த மரியாதைதான்.

ராஜாஜியைச் சொல்லி மடக்கலாம்னு பாக்கீரு, தெரியுது. 1959-ல சுதந்திராக் கட்சியை ஆரம்பிக்கும்போது அவருக்கு வயசு எண்பது. ஒத்துக்கிடுதேன். ஆனா அவரு எண்பதுல புதுசா ஒண்ணு ஆரம்பிச்சாரு வே. பழைய நாக்காலியோட கையைப் பிடிச்சுத் தொங்கல. நீரு அறுபதுக்கு மேல தொகுப்பூதியத்துல அதே செக்‌ஷன்ல, அதே ஃபேனுக்கு அடியில, உமக்குக் கீழ வேலை பாத்த பையனுக்கு "எஸ் சார்" சொல்லிக்கிட்டு உக்காரணும்னு மனசுக்குள்ள ஒரு நெனப்பு வச்சிருக்கீரே, அதுக்கும் ராஜாஜிக்கும் சம்பந்தமில்ல.

இன்னொண்ணு. உம்ம மவன், எம் பேரன், மூணு வருசமா கோவில்பட்டியில ரூம் எடுத்து குரூப் 4-க்குப் படிக்கான். 2024-ல அந்தப் பரீட்சைக்கு 6,244 இடம்னு அறிவிச்சாவ, ஏறக்குறைய 20 லட்சம் பேரு மனுப் போட்டாவ. அவனும் போட்டான். உள்ள அப்பன் நாக்காலியை விட மாட்டேங்கான். வெளிய மவன் வரிசையில நிக்கான். ரெண்டு பேருக்கும் சோறு கட்டிக் குடுக்குதது எம் மவ. நீரு எந்திரிச்ச நாக்காலி அவனுக்குத்தான் வரும்னு நான் சொல்லல. உம்ம இடத்தை நெரப்பவே ரெண்டு வருசம் ஆக்குவாவ, தெரிஞ்சதுதானே. ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவனைப் பாத்து, "இன்னும் வேலை கிடைக்கலையால?"ன்னு அதட்டுதீரே, அது மட்டும் கொஞ்சம் உறுத்துது.

விழாவுல உமக்கு ஒரு ஆசை இருக்குன்னு எனக்குத் தெரியும். மறைக்காதேயும். ஆளு ஒசரத்துக்கு மாலை. சால்வை மேல சால்வையாப் போத்தி, வேர்வையில நனைஞ்சு, மேடையில நிமிந்து உக்காந்திருப்பீரு. ஆபீசுல எல்லாரும் துட்டுப் போட்டு ஒரு மோதிரம். உம்மகிட்டப் பத்து வருசமாப் பேசாத கண்காணிப்பாளரு மைக்கைப் பிடிச்சு, "சார் இல்லாத அலுவலகத்தை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை"ம்பாரு. சங்கத்துக்காரரு குறள் சொல்லுவாரு. பொறவு ஒரு கார்ல முன்சீட்டுல உம்மை வச்சு, பின்னால ரெண்டு வேன்ல ஆபீசே வீடு வரைக்கும் கொண்டு வந்து விடும். எம் மவ ஆரத்தி எடுப்பா. கூட்டம் சாப்பிடும். பாயாசம் நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு மூணு மணிக்கு வேன் கெளம்பிரும். நாலு மணிக்கு வீட்டுல நீரு, பதினேழு சால்வை, ஒரு குத்துவெளக்கு. அந்தச் சால்வையில ஒண்ணாவது குளிருக்கு ஆவுமா? ஆவாது. அடுத்தவன் விழாவுக்கு அது அப்படியே மடிப்புக் கலையாமப் போவும். உமக்கு வந்ததும் அப்படி வந்ததுதான்.

மறுநாள் காலையிலதான் தெரியும் சங்கதி. மேலத்தெரு ஹெட்மாஸ்டரு கதை உமக்குத் தெரியாதா? ஓய்வு வாங்கின மறுவாரமே அடுக்களைக்குள்ள எறங்கிட்டாரு. துவரம்பருப்பு டப்பா, உளுந்து டப்பா, கடுகு டப்பா எல்லாத்துக்கும் லேபிள். அடியில வாங்குன தேதி. கேஸ் சிலிண்டர் மாத்துன நாளைச் சுவத்துல எழுதி, போன தடவை 41 நாளு வந்துச்சு, இந்தத் தடவை ஏன் 38-ன்னு விசாரணை. பால்காரனுக்கு வருகைப் பதிவேடு. கீரைக்காரிகிட்ட, "கட்டுக்கு எத்தனை தண்டு"ன்னு கேட்டாரு. அவ அந்தத் தெருப் பக்கம் வாரதையே விட்டுட்டா. வீட்டம்மா என்ன செஞ்சாவ? ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. காலையில பெருமாள் கோயில், பத்து மணிக்கு அம்மன் கோயில், சாயங்காலம் சிவன் கோயில், வெள்ளி செவ்வாய்க்குக் கழுகுமலை. அம்மாவுக்குப் பக்தி முத்திட்டுன்னு ஊரு நெனைக்கு. எனக்கும் அவுக வீட்டுக்காரருக்கும் இடையில ஒரே ஒரு வித்தியாசம், எனக்குக் காரணம் தெரியும்.

அதனாலதான் கேக்கேன், எம் மவகிட்டக் கேட்டீரா? இத்தனை நாளா காலையில எட்டு மணிக்கு நீரு வாசலைத் தாண்டுனதும் அவ ஒரு டம்ளர் காப்பியை எடுத்துக்கிட்டு முத்தத்துல உக்காந்து பேப்பர் படிப்பா. அந்த ஒரு மணி நேரம் அவளுக்குச் சொந்தம். நீரு அதுக்குள்ள போயி உக்காந்து, "இந்தச் செய்தியைப் பாத்தியா, நான் அன்னைக்கே சொன்னேன்"னு ஆரம்பிச்சீருன்னா, அவளும் கழுகுமலைக்குக் கெளம்பிருவா. மவளுக்காகப் பேசுதேன்னு நெனைச்சா நெனைச்சுக்கிடும். நெசந்தான், அவளுக்காகத்தான் பேசுதேன்.

மொத்தமா வாரத் துட்டைப் பத்தி ரெண்டு வார்த்தை, அதோட விட்டுருதேன். அது பேங்குல விழுந்த அன்னைக்கே உமக்குச் சொந்தக்காரன் பெருகுவான். நாலுவழிச்சாலை ஓரத்துல பிளாட்டுன்னு ஒருத்தன் வருவான். மூணு பைசா வட்டின்னு ஒருத்தன் வருவான். பேங்கு மேனேசரே காப்பி வாங்கிக் குடுத்து இன்சூரன்ஸ் தாளை நீட்டுவாரு. எல்லாருக்கும் நல்லாச் சிரிச்சு வணக்கம் சொல்லிட்டு நேரே தபால் ஆபீசுக்கு நடையைக் கட்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல 30 லட்சம் வரைக்கும் போடலாம். 55-க்கு மேல விருப்ப ஓய்வுல வந்தவருக்கும் அது உண்டு, அறுபது ஆவணும்னு இல்ல. வட்டி 8.2 சதவீதம், முழுசாப் போட்டா மூணு மாசத்துக்கு ஒருக்க 61,500 ரூவா. எம் பேருல போடும்னு நான் கேக்கல பாரும், அதுலயே தெரிஞ்சிக்கிடும் என் யோக்கியதையை.

2020 சனவரி 31-ந்தேதி பி.எஸ்.என்.எல்.லுல 78,000 பேருக்கு மேல ஒரே நாள்ல விருப்ப ஓய்வுல வெளிய வந்தாவ. நம்ம தெரு லைன்மேனும் அதுல ஒருத்தரு. ரெண்டு மாசத்துல ஊரடங்கு போட்டு ஊரையே வீட்டுக்குள்ள அடைச்சுட்டாவ. பாவம், தனியா ஓய்வு எடுக்கக்கூட அவருக்குக் குடுத்து வைக்கல. ஆனா அந்த மனுசன் சும்மா இருக்கல. இன்னைக்கு எவன் கெணத்து மோட்டார் மக்கர் பண்ணுனாலும் அவருதான் டெஸ்டரோட வாராரு. துட்டு குடுத்தா வாங்குதாரு, குடுக்காட்டாத் திட்டிட்டுப் போறாரு. வெளிய வாரதுக்கு முந்தியே அவரு கையில தொழில் இருந்துச்சு. உம்ம கையில என்ன இருக்கு? குறிப்பாணை எழுதத் தெரியும். அதை வச்சுக்கிட்டு வீட்டுல என்ன செய்யப் போறீரு, நாய்க்கு விளக்கம் கேட்டு மெமோ குடுக்கவா?

எல்லாம் ஒழுங்கா அமையட்டும், மவன் வேலைக்குப் போவட்டும், மவ கலியாணம் முடியட்டும், அடுத்த சம்பளக் கமிஷன் வரட்டும், பொறவு பாப்போம்ங்கீரு. கரிசக்காட்டுச் சம்சாரி மழை பெஞ்ச பொறவா விதைக்கான்? புரட்டாசியில காஞ்ச மண்ணுலயே உளுந்தைப் போட்டுட்டு மேகத்தைப் பாப்பான். ஈரம் வரட்டும்னு காத்திருந்தவன் காட்டுல, ஈரம் வந்த பொறவு ஏரு எறங்காது. மண்ணு காலைப் பிடிச்சுக்கிடும்.

முடிவாச் சொல்லுதேன், கேட்டுக்கிடும். வீட்டுக்கடன் வார மார்ச்சோட முடியுதுன்னு எம் மவ சொன்னா. அம்பது வயசு தாண்டுனவரு மூணு மாசம் முன்கூட்டி நோட்டீஸ் குடுத்துட்டு வெளிய வரலாம்னு விதி இருக்கு. உம்ம மேல ஆடிட் தடையோ 17(பி) ஒழுங்கு நடவடிக்கையோ ஒண்ணும் இல்லையே? இருந்தா அதை மொதல்ல முடிச்சுக்கிடும். அதை வச்சுக்கிட்டு எவன் எழுதிக் குடுத்தாலும் எடுபடாது. இல்லேன்னா ஏப்ரல் ஒண்ணாந்தேதி இன்கிரிமென்டை வாங்கிட்டு, அன்னைக்கே எழுதிக் குடுத்துரும். ஜூன் கடைசியில வெளிய வந்துரலாம். மேடை வேண்டாம், மோதிரம் வேண்டாம்னு நான் சொல்லல. ரெண்டு சால்வையை மட்டும் எனக்குக் குடுத்துரும், மாட்டுக்குக் குளிருது. வடகாட்டுல மூணு ஏக்கரு தரிசாக் கெடக்கு. ஆளு கிடைக்கல. காலையில எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கெளம்பி, மத்தியானம் சோத்துக்கு வந்தாப் போதும். சம்பளம் கிடையாது, ஓய்வு வயசும் கிடையாது.

ஆனா ஒண்ணு. இதையெல்லாம் எம் மவகிட்டச் சொல்லிப் பாரும். "நீங்க 2027 வரைக்கும் ஆபீசுக்கே போய்ட்டு வாங்க"ன்னு அவ சொல்லிட்டான்னா, இதுவரைக்கும் நான் சொன்னது எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கிடுதேன். நான் உம்மகிட்ட ஒண்ணுமே பேசல.